தமிழ்நாட்டில் தனியார் நிறுவனப் பணியாளர் தமக்குரிய விடுமுறையைக் கேட்டுப் பெறுவது எப்படி

சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கும் தேதிகளைக் காட்டி முதலாளியிடம் விடுமுறை கேட்பவர், பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே தோற்றுவிடுகிறார். அந்தச் சிவப்புத் தேதிகள் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து எடுக்கப்படுபவை. காசோலை போன்ற பணப் பத்திரங்களுக்கான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வெளியாகும் அந்தப் பட்டியல் அரசு அலுவலகங்களையும் வங்கிகளையும் கருதியே வருகிறது. ஒரு ஜவுளிக் கடையையோ, பின்னலாடை ஆலையையோ, மென்பொருள் நிறுவனத்தையோ அது தானாகக் கட்டுப்படுத்துவதில்லை. தாத்ரா-நகர் ஹவேலியில் ஆகஸ்ட் 2ஆம் தேதியைப் பொது விடுமுறையாக அறிவிக்கக் கோரிய வழக்கில், பொது விடுமுறை யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 2022 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டுச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். தனியார் பணியாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது: 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம். பெயரில் 'தொழில் நிறுவனம்' என்று இருப்பதைப் பார்த்து இது ஆலைகளுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். கடைகள், வணிக அலுவலகங்கள், உணவகங்கள், தோட்டங்கள் எல்லாம் இதற்குள் வருகின்றன. இச்சட்டம் தரும் விடுமுறை ஆண்டுக்கு ஒன்பது நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாறாதவை. மீதி ஐந்தும் பண்டிகை விடுமுறைகள். ஒன்பதுக்கும் ஊதியம் உண்டு. 'எங்கள் நிறுவனத்தில் அப்படி வழக்கம் இல்லை' என்பதோ, பணி ஆணையில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பதோ இதற்குப் பதில் ஆகாது.

அந்த ஐந்து நாட்கள் எவை என்பதில்தான் பணியாளர்கள் தங்கள் உரிமையை அதிகம் கோட்டை விடுகிறார்கள். அவற்றை முதலாளி தனியாக முடிவு செய்வதில்லை. முதலாளியையும் பணியாளர்களையும் கலந்து, இச்சட்டத்தை அமலாக்கும் அரசு ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில் நடப்பது வேறு. சென்ற ஆண்டுப் பட்டியலில் தேதிகளை மட்டும் மாற்றி, நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கி, கணக்குப் பிரிவில் இருப்பவர் அனுப்பிவிடுகிறார். பிறகு ஒருநாள் அது அறிவிப்புப் பலகைக்கு வருகிறது. அதற்கு முன்னால் யாரோ தண்ணீர் கேனை வைத்துவிடுகிறார்கள். பண்டிகைக்கு முந்தின மாலை ஆறு மணிக்கு 'நாளைக்கு லீவு உண்டா?' என்று மேலாளரிடம் கேட்பது, உரிமையைச் சலுகையாக மாற்றிக்கொள்ளும் வழி. டிசம்பர் மாதத்திலேயே, அடுத்த ஆண்டுப் பட்டியல் போவதற்கு முன்பே பேச வேண்டும்.

பேசும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, எந்தப் பண்டிகை எந்தக் கிழமையில் வருகிறது என்பது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறே வார விடுமுறையாக உள்ள அலுவலகத்தில் தீபாவளியை ஐந்தில் ஒன்றாகப் போட்டால், கையில் இருக்கும் நாளையே மறுபடி வாங்கியது போல் ஆகும். அந்த இடத்தில் மாட்டுப் பொங்கலையோ வேறொரு நாளையோ கேட்பது புத்திசாலித்தனம். வார விடுமுறை செவ்வாய்க்கிழமையாக உள்ள கடைக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குத் தீபாவளி கட்டாயம் பட்டியலில் வேண்டும். இரண்டாவது, உடன் பணிபுரிவோர் யார் யார் என்பது. ரம்ஜானும் கிறிஸ்துமஸும் இல்லாத பட்டியலுக்கு எல்லாரும் சம்மதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த நாளில் இருவர் மட்டும் சொந்த விடுப்பைக் கழித்துக்கொள்ளும்படி ஆவது முறையல்ல.

மென்பொருள் நிறுவனங்களில் வேறொரு சிக்கல் உண்டு. வேறு மாநிலத்தில் உள்ள தலைமையகம் தயாரித்த பட்டியல் மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருப்பதால் யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. மே 1 அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாட்டிலேயே முதன்முதலாக 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். அந்தச் சென்னையில் இருக்கும் அலுவலகத்தின் பட்டியலில் அந்த நாள் விடுபட்டிருந்தால், அது சட்டப்படியும் பிழை. மனிதவளப் பிரிவுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினால் போதும்.

விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கவே கூடாதா என்றால், அழைக்கலாம். ஆனால் அதற்கு முறை இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பணியாளருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதன் நகல் ஆய்வாளருக்குப் போக வேண்டும். பணியிடத்திலும் ஒட்டப்பட வேண்டும். வேலை செய்தவருக்கு அன்றைய ஊதியம் இரட்டிப்பாகக் கிடைக்க வேண்டும், அல்லது அன்றைய ஊதியத்தோடு, ஊதியத்துடன் கூடிய மாற்று விடுமுறை ஒன்று கிடைக்க வேண்டும். இந்த 'அல்லது' முதலாளியின் கையில் இல்லை. எதை எடுத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் பணியாளருக்கே கொடுத்திருக்கிறது. நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆகஸ்ட் 15இல் வேலை செய்துவிட்டு இரட்டிப்பைத் தேர்ந்தால், அந்த நாளுக்கு 1,200 ரூபாய் அவர் கைக்கு வர வேண்டும். 'நூறு ரூபாய் பேட்டாவும் மத்தியானம் பிரியாணியும்' இதற்கு ஈடாகாது.

இளம் வயதில் ஒரு ஜவுளிக் கடையில் சில ஆண்டுகள் நான் வேலை பார்த்தேன். அக்டோபர் 2ஆம் தேதி ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவார்கள். நாங்கள் குனிந்து உள்ளே போய், மாலை வரை சேலைகளை அடுக்கு அடுக்காக எண்ணி ஸ்டாக் கணக்கு எழுதுவோம். 'இன்று கடை லீவுதானே' என்று மாதச் சம்பளத்தில் எதுவும் சேர்க்க மாட்டார்கள். கடை மூடியிருப்பது வாடிக்கையாளருக்குத்தான். உள்ளே எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது வேலை நாள் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாலாவது பின்னர் கேட்க ஏதேனும் இருந்திருக்கும்.

கேட்பதை வாய்ச்சொல்லாக விட வேண்டாம். வேலை செய்த மறுநாளே இப்படி எழுதிக் கொடுக்கலாம்: 'ஐயா, தேசிய விடுமுறை நாளான 15-8-2026 அன்று காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை நான் பணிபுரிந்துள்ளேன். 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி அந்த நாளுக்கு இரட்டிப்பு ஊதியம் பெற விரும்புகிறேன். இம்மாதச் சம்பளத்தில் அதைச் சேர்த்து, ஊதியச் சீட்டில் தனியாகக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.' நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அதையே அனுப்புங்கள். தனியாளாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அன்று வேலை செய்த அனைவரும் ஒரே தாளில் கையெழுத்திடலாம், அதுவே நல்லதும்கூட.

வாக்குப்பதிவு நாள் இந்த ஒன்பதுக்கு வெளியே உள்ளது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி, வாக்காளரான ஒவ்வொரு பணியாளருக்கும், தினக்கூலி பெறுபவர் உட்பட, அன்று ஊதியத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. மீறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பது சிரிப்பை வரவழைக்கும் தொகை. வேலைக்கு வராவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் என்ற நிலையில் உள்ள பணியாளர்களுக்கு மட்டும் இந்த விடுமுறை பொருந்தாது.

இவ்வளவும் விடுமுறை, விடுப்பு வேறு. பேச்சுவழக்கில் இரண்டையும் 'லீவு' என்றே சொல்வதால், ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிடுவது எளிதாகிவிடுகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருபவருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த பின் 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும், ஆண்டுதோறும் நோய்க்காக 12 நாளும், தற்செயல் விடுப்பாக 12 நாளும் தனித்தனியே உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஈட்டிய விடுப்பு; முன்பு அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. பொங்கலுக்கு வராத நாளைத் தற்செயல் விடுப்பில் எழுதியிருக்கிறார்களா, பண்டிகை விடுமுறை கொடுத்ததைச் சொல்லி அந்த வார ஞாயிறு வேலைக்கு அழைக்கிறார்களா என்று விடுப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எழுதிக் கொடுத்தும் பயனில்லை என்றால், கடை, உணவகம், அலுவலகம் ஆகியவற்றில் பணிபுரிவோர் தங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தையும், ஆலைத் தொழிலாளர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தையும் அணுக வேண்டும். தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறையினர் கடைகளிலும் உணவகங்களிலும் திடீர் ஆய்வு செய்து, விடுமுறையோ இரட்டிப்பு ஊதியமோ தராத நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்த செய்தி மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வழக்கமாக வரும். ஆய்வாளர் வந்து கேட்கும்போது 'விருப்பப்பட்டுத்தான் வந்தோம்' என்று சொல்லவைப்பதும் வழக்கம்தான். புகாரை அந்த நாளுக்கு முன்பே கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் குறையும். புகாருடன் விடுமுறைப் பட்டியலின் புகைப்படம், நீங்கள் கொடுத்த கடிதத்தின் நகல், அந்த மாத ஊதியச் சீட்டு, வருகைப் பதிவின் படம் ஆகியவற்றை இணைத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.