பாலிசியில் என் பெயர் இருந்தது, காப்பு இல்லை

அரிசோனாவில் தனியாக விமானப் பயிற்சி கொடுக்கிறேன். மாணவர் ஒருவர் சொந்தமாக செஸ்னா 172 என்ற சிறு விமானம் வாங்கி, "என் இன்சூரன்ஸில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டேன்" என்றார். சான்றிதழும் வந்தது. ஆனால் என் பெயர் 'அனுமதிக்கப்பட்ட விமானி' என்ற இடத்தில் இருந்தது. அப்படியென்றால் நான் ஓட்டினாலும் அவருடைய காப்பு செல்லும், அவ்வளவுதான். தவறு என்னுடையது என்றால், கம்பெனி அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அந்தப் பணத்துக்காக என்மேல் வழக்குப் போடலாம்.

சரி, நானே எடுக்கலாம் என்று போனேன். முதலில் கிடைத்தது வாடகை விமானம் ஓட்டுபவர்களுக்கான மலிவுப் பாலிசி. அதில் காசு வாங்கிப் பயிற்சி தருவது சேராது. அடுத்ததில் பயிற்சி சேர்ந்தது, 10 லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே, பயணி ஒருவருக்கு 1 லட்சம்தான். 'பயணி' யார் என்று தேடினால், விமானத்துக்குள் இருக்கும் எவரும். பக்கத்து இருக்கை மாணவரும் அதில் அடக்கம்! இதிலேயே ஒரு வாரம் போனது.

அப்புறம் விலை கேட்பதை விட்டுவிட்டு, மூன்று இன்சூரன்ஸ் தரகர்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன்: "நான் கையெழுத்திட்ட 90 நாள் அனுமதியில் மாணவர் தனியே பறக்கிறார், நான் தரையில் நிற்கிறேன். அப்போது விபத்து நடந்தால்?" ஒருவர் மட்டும் காப்பு உண்டு என்று எழுத்தில், பாலிசி வாசகத்தோடு தந்தார். அதையே எடுத்தேன். மாணவரிடமும், என்மேல் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பாலிசி இணைப்பு ஒன்றை அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்கித் தரச் சொன்னேன். இரண்டு நாளில் வந்தது. மூன்றாம் நாள் காலை பறந்தோம்.