பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குகிறது? ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வாசிப்பைச் சோதித்துக் கற்பிக்கும் முறை

இரண்டாம் வகுப்புப் பிள்ளை பாடத்தை மடமடவென்று சொல்லிவிடும். கடைசி வரியில் நடுவே ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்கும். பாடம் காதுவழியாக மனப்பாடமாகியிருக்கிறது, கண் எழுத்தைத் தொடவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். கண்டுபிடித்ததை வைத்து நாளைக்கு அதற்கு எதைச் சொல்லித்தருவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு உதவாத சோதனையை நடத்தவே வேண்டாம்.

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். தொடங்குவதற்கு அது நல்ல இடம். ஆனால் ஒரே மொட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பிள்ளைகளில் மூவருக்குக் கொம்பு (ெ, ே) குழப்பும். இருவர் புள்ளியைக் கவனிக்க மாட்டார்கள். மீதிப் பேருக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க வராது. மூன்று கூட்டத்துக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் யாருக்கும் முழுப் பயன் இல்லை.

தயார் செய்ய வேண்டியவை

மூன்று அட்டைகள், கைபேசியில் நிறுத்து கடிகாரம், பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு. எழுத்து அளவு முதல் வகுப்புப் புத்தகத்தில் உள்ளபடி பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு வகை எழுதி வையுங்கள். ஒன்றே இருந்தால், முன்னால் போன பிள்ளை சொன்னதைக் கேட்டே அடுத்த பிள்ளை சொல்லிவிடும்.

எழுத்து அட்டையில் 30 எழுத்துகள்: உயிர் 6, அகரமேறிய எழுத்து 12, புள்ளி எழுத்து 4, காலும் (ா) கொம்பும் விலங்கும் (ி) ஏறிய உயிர்மெய் 8. அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதக் கூடாது. வரிசை கண்டதும் பிள்ளை பாட்டாகப் பாடிவிடும். மொத்தம் 247 எழுத்துகளையும் கேட்கத் தேவையில்லை. 18 மெய்யும் அதன்மேல் ஏறும் குறிகளும் தெரிந்தால் உயிர்மெய்யில் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசை மட்டும் விலக்கு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சொல் அட்டையில் பத்துச் சொல்: மரம், பாட்டி, கீரை, பூனை, மேளம், கொடி, தேங்காய், காட்பாடி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு. கடைசி மூன்றும் நம் வேலூர் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள், பேருந்துப் பலகையில் பிள்ளை தினம் பார்ப்பவை. ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் இருக்கும் பள்ளியானால் சாமை, பலா, புளி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இதோடு பொருளே இல்லாத ஐந்து சொல் சேருங்கள்: தொமி, நூசை, கேபு, லைமோ, பிடோ. இவற்றை ஊகித்துச் சொல்ல முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். "இது விளையாட்டுச் சொல், அர்த்தம் கிடையாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளை 'தொமி'யைத் தெரிந்த சொல்லாக்கி 'தம்பி' என்று படிக்கும்.

பத்தி அட்டையில் பாடநூலில் இல்லாத புதுப் பத்தி வேண்டும். மாதிரிக்கு, இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை வைத்து 24 சொல்லில் ஒன்று:

"அம்மா சந்தைக்குப் போனாள். கூடையில் கத்தரிக்காய் இருந்தது. காம்பில் முள் இருந்தது. மீனா தொட்டாள். விரலில் முள் குத்தியது. அம்மா மெதுவாக முள்ளை எடுத்தாள். மீனா சிரித்தாள். இருவரும் பேருந்தில் வீட்டுக்கு வந்தார்கள்."

படம் வேண்டாம். படம் இருந்தால் படத்தைப் பார்த்துக் கதை சொல்லிவிடும்.

நடத்தும் விதம்

காலை உணவு முடிந்த முதல் பாடவேளை நல்ல நேரம். வராந்தாவில், வகுப்புக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். சத்துணவுக் கூடத்துப் பக்கம் வேண்டாம், பாத்திரச் சத்தத்தில் மெலிந்த குரல் கேட்காது. ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்தால் 24 பேரை ஆறு நாளில் முடிக்கலாம். ஒரே நாளில் முடித்துவிட நினைத்தால் கடைசிப் பத்துப் பேருக்கு நீங்களே களைத்துப் போயிருப்பீர்கள்.

முதலில் அட்டை இல்லாமல் காதைச் சோதியுங்கள். "கத்தரிக்காய், எத்தனை தட்டு?" என்று கேட்டுக் கைதட்டச் சொல்லுங்கள். பிறகு "பட்டம், பந்து, கல். இதில் எது வேறமாதிரி ஆரம்பிக்குது?" இப்படி மூன்று மூன்று கேள்வி போதும். இதில் தடுமாறும் பிள்ளைக்கு அட்டையை நீட்டுவதற்கு முன்னால் பாட்டும் கைதட்டலுமாக இரண்டு வாரம் தேவைப்படும்.

பிறகு எழுத்து, சொல், பத்தி. எழுத்து அட்டையில் முதல் பத்தும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். சொல் அட்டையில் அடுத்தடுத்து நான்கு தவறினாலும் அப்படியே. பத்தில் ஆறு சொல்லாவது படித்த பிள்ளைக்கே பத்தியைக் கொடுங்கள். தெரியாததையே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் உங்களைக் கண்டாலே பிள்ளை பயப்படும்.

பிள்ளை படிக்கும்போது உங்கள் உதடு அசையக் கூடாது, தலையும் ஆடக் கூடாது. பழக்கப்பட்ட ஆசிரியரும் இதைச் செய்துவிடுகிறார். பிள்ளை அட்டையை விட்டு உங்கள் முகத்தைப் படிக்கும். மூன்று விநாடி காத்திருந்தும் வராத சொல்லை நீங்களே சொல்லி, நோட்டில் 'சொ' என்று குறியுங்கள். மாற்றிப் படித்தால் அது சொன்னதை அப்படியே எழுதுங்கள். விட்ட சொல்லுக்கு வட்டம். தானே திருத்திக்கொண்டால் 'தி'. 'தி'யைத் தவறாக எண்ணாதீர்கள், அது நல்ல அறிகுறி.

24 சொல்லில் ஒன்று தவறினால் அந்தப் பத்தியைத் தனியாகப் படிக்கும் பிள்ளை. இரண்டு தவறினால் உங்கள் துணையோடு படிக்கலாம். மூன்றோ அதற்கு மேலோ போனால் இன்னும் எளிய பத்தி வேண்டும். முடிந்ததும் மூன்று கேள்வி: எதில் முள் இருந்தது? யார் விரலில் குத்தியது? அம்மா ஏன் மெதுவாக எடுத்தாள்? மூன்றாவதற்கு விடை பத்தியில் இல்லை. "வலிக்கும்ல" என்று சொல்லிவிட்டால் படித்தது உள்ளே போயிருக்கிறது.

தவறு என்ன சொல்கிறது

எண்ணிக்கையைவிட, பிள்ளை எப்படித் தவறியது என்பதே பாடத்தைக் காட்டும். 'கூடையில்' என்பதைக் 'குடையில்' என்று படித்தால் குறில் நெடில் பிரியவில்லை. 'போனாள்' 'பொனாள்' ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. 'மெதுவாக' என்பதை 'ம... மெ...' என்று பிரித்தால், கொம்பு முன்னால் நிற்கிறது ஒலி பின்னால் வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. 'அம்மா' 'அமமா' ஆனால் புள்ளி. 'சந்தைக்கு' 'கடைக்கு' ஆனால் பொருள் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுகிறது. 'முள்ளை' என்பதை 'முள்' என்று முடித்துவிடும் பிள்ளை சொல்லின் தலையை மட்டும் பார்க்கிறது. தமிழில் யார், யாரை, எங்கே என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. ஆகவே இதைச் சிறு தவறு என்று விடக் கூடாது.

இன்னொன்றை வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். 'பழம்' என்று எழுதியிருப்பதைப் பிள்ளை 'பயம்' என்று படிக்கும். 'இருக்கிறது' என்று இருக்கும், வாய் 'கீது' என்று சொல்லும். வீட்டுப் பேச்சு அப்படி. எழுத்தைச் சரியாகப் பார்த்து, பொருளும் தெரிந்து, தன் வாய்மொழியில் சொல்லியிருக்கிறது. இதைத் தவறாகக் குறிக்காதீர்கள். 'பழம்' என்று ஒருமுறை நீங்கள் சொல்லிக் காட்டினால் போதும். சந்தேகமாக இருந்தால் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். "துன்றது" என்றால் முடிந்தது. குடியாத்தம், காட்பாடி எல்லையில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும், பேரணாம்பட்டில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் ழகரம் வீட்டில் காதில் விழாத ஒலி. அவர்களுக்குக் கேள்வியை வீட்டு மொழியில் கேட்டு, வாசிப்பை மட்டும் தமிழில் வாங்குங்கள். கேள்வி புரியாத பிள்ளை வாசிக்கத் தெரியாத பிள்ளையாகிவிடக் கூடாது.

ந, ன, ண குழப்பம் வாசிக்கும்போது வெளியே தெரியாது. அதற்கு ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

சோதனைக்குப் பின்

நோட்டைப் பிரித்து வைத்து, ஒரே வகைத் தவறு செய்தவர்களை நான்கைந்து பேராகச் சேருங்கள். தினம் இருபது நிமிடம், ஒரே ஒரு குறை.

கொம்புக் கூட்டத்துக்கு: ப, க, ம, த எழுதிய சீட்டுகள், கொம்பு எழுதிய சீட்டு தனி. எழுத்தைத் தரையில் வைத்து, கொம்பை இடப்பக்கம் பிள்ளையே கொண்டுவந்து சேர்த்து "பெ" என்று சொல்லட்டும். எடுத்தால் "ப". மறுநாள் இரட்டைக்கொம்பு. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் குழப்பம் கூடும்.

உகர வரிசைக்கு ஒரே குறி கிடையாது, அதனால்தான் அங்கே நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள். வடிவத்தால் மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தாருங்கள்: பு, சு, யு, வு ஒரு கூட்டம், து, நு, று, லு, ணு, னு ஒரு கூட்டம், கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஒரு கூட்டம் நிலைத்த பிறகே அடுத்தது. கு முதல் னு வரை வரிசையாக எழுத வைத்தால் கை எழுதும், கண் வடிவத்தைப் பிடிக்காது.

கூட்டிப் படிக்க வராதவர்களுக்கு இரண்டெழுத்துச் சொல், அதோடு ஒரு வால்: வீடு, வீட்டில், வீட்டுக்கு. சொல்லின் வாலை விடும் பிள்ளைக்கும் இதே பயிற்சிதான்.

வெள்ளிதோறும் ஒரு நிமிடச் சிறு சோதனை வையுங்கள். அந்த வாரம் சொல்லித்தந்த குறி வரும் பத்துச் சொல். மூன்று வாரம் எண்ணிக்கை அசையவில்லையென்றால் பயிற்சியை மாற்றுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனையின் மறுவகையை எடுத்துக் கூட்டத்தைக் கலைத்து அமையுங்கள். கலைக்காமல் விட்டால் அது 'மெல்லப் படிக்கிறவங்க பெஞ்சு' என்று நிலைத்துவிடும். அந்தப் பெயர் ஒரு பிள்ளைமேல் ஒட்டினால் எளிதில் போகாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் இலக்கில் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று இருக்கிறது. 'வீட்டிலிருந்துதான்' என்பது தமிழில் ஒரே சொல், ஆகவே நீளச் சொல் நிறைந்த பத்தியில் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஒரே அளவுப் பத்தியில் போன மாதமும் இந்த மாதமும் எப்படி என்று ஒப்பிடுங்கள். கடிகாரத்தைக் காட்டி ஓட விட்டால் வாலை விழுங்குவதுதான் பழகும்.

அட்டையைக் கண்ணருகே இழுக்கும், வரி தாவும், கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையை முதலில் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். காது ஒழுகல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகப் பெற்றோரிடம் சொல்லுங்கள். இரண்டு சுற்றுப் பயிற்சிக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் நோட்டோடு பேசுங்கள்.

பீடி சுற்றிவிட்டும் ஷூ கம்பெனியிலிருந்தும் அசந்து வரும் தாயிடம் 'உங்க புள்ள பின்தங்கியிருக்கு' என்று சொன்னால் வீட்டில் அடிதான் விழும். "கு, டு, மு தெரியுது. கூ, டூ, மூ இன்னும் வரலம்மா. பஸ்ஸுல போறப்ப போர்டைக் காட்டி இது என்ன எழுத்துன்னு கேளுங்க" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாத தாயும் விரலை நீட்டிக் கேட்க முடியும்.

ஏப்ரலில் நோட்டை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஜூனில் அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் அதைக் கொடுத்து, எந்தப் பிள்ளை எந்தக் குறியில் நிற்கிறது என்று பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொல்லுங்கள்.