இணையச் செயலிக்குத் திறமூல லைப்ரரிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலத்தில் இயங்கும் சிறு மென்பொருள் குழு ஒன்று, ஏற்காட்டுத் தங்கும் விடுதிகளுக்காக அறை முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். கோடை விழாவுக்குக் கூட்டம் திரளும் மே மாதத்தில் அந்தச் செயலி முடங்கினால் விடுதிக்காரரின் பருவ வருமானமே பாதிக்கப்படும் என்பதால், அதில் சேர்க்கும் ஒவ்வொரு திறமூல லைப்ரரியையும் (பிறர் எழுதி, எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்ட ஆயத்த நிரல்தொகுப்பையும்) யார், எவ்வாறு பராமரிக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே ஆராய்வது அவசியம்.

லைப்ரரி தேவைதானா என்பதே முதற்கேள்வி. தேதியைத் தமிழில் காட்டும் வசதி உலாவியிலேயே உள்ள இன்ட்ல் (Intl) என்ற மொழிவாரி வடிவமைப்பு அமைப்பில் கிடைக்கிறது. தனி லைப்ரரியைத் தவிர்த்தால், மலைப்பாதையில் சிக்னல் குறைந்த இடத்திலிருந்து அறை தேடுபவருக்குத் தரவிறக்கச் சுமையும் குறையும். மிகச் சிறிய லைப்ரரியைச் சார்ந்திருப்பதும் ஆபத்தாகலாம்: 2016ஆம் ஆண்டில் 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்ற தொகுப்பை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து (npm) நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் நின்றுபோயின.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பயனர்கள் இடும் நட்சத்திரங்களை நான் சான்றாகக் கொள்வதில்லை. அவை ஒரு லைப்ரரி ஒரு காலத்தில் விரும்பப்பட்டதைக் காட்டுமே தவிர, இன்று கவனிக்கப்படுவதைக் காட்டா. தேதிகளைக் கையாளும் மொமென்ட்.ஜேஎஸ் லைப்ரரியைப் புதிய திட்டங்களுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அதன் பராமரிப்பாளர்களே 2020இல் அறிவித்தனர். அதன் நட்சத்திர எண்ணிக்கை அதனால் சரிந்துவிடவில்லை. ஆகவே முதலில் லைப்ரரியின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பையும், பிறகு பயனர்கள் பதிவுசெய்து மூடப்பட்ட பிழைப் புகார்களான இஷ்யூக்களையும் நிதானமாகப் படியுங்கள். பிழையைத் தெரிவித்தவருக்குக் காரணத்தோடு பதில் வந்ததா, திருத்தம் அடுத்த வெளியீட்டில் சேர்ந்ததா, அல்லது தானியங்கி நிரல் ஒன்று பதிலின்றி மூடிவிட்டதா என்பது அங்கே தெளிவாகத் தெரியும். நீண்டகாலம் வெளியீடு இல்லாததை மட்டும் குறையாகக் கருத வேண்டியதில்லை. சிறிய பணியை முழுமையாகச் செய்து முடித்த லைப்ரரிக்கு அடிக்கடி மாற்றம் தேவைப்படாது. ஆனால் பாதுகாப்புக் குறைபாடு குறித்த புகாருக்கே பதில் இல்லையெனில் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பொறுப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது, என் கருத்தில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் தொகுப்பைத் தனியாகப் பார்த்துவந்தவர், உதவ முன்வந்த அறிமுகமில்லாத ஒருவரிடம் அதை ஒப்படைத்தார். புதியவர் பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரலை அது சார்ந்திருந்த வேறொரு தொகுப்பின் வழியாகப் புகுத்தினார். முதல் ஆசிரியர் ஊதியமின்றி உழைத்துக் களைத்தவர் என்பதை மறந்து அவரைப் பழிப்பது நியாயமன்று. குறைந்தது இரண்டு மூன்று பேர் வெளியீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் திட்டங்களையே நாடுங்கள்.

லைப்ரரியைப் பயன்படுத்தும் நிபந்தனைகளைச் சொல்லும் உரிமத்தைப் பொறுத்தவரை எம்ஐடி, அப்பாச்சி 2.0 ஆகியவை வணிகச் செயலிக்குப் பொதுவாகச் சிக்கல் தராதவை. இணையம்வழிச் சேவை தரும் செயலியின் மூலநிரலையும் பகிரக் கோரக்கூடிய ஏஜிபிஎல் உரிமம் எனில், முடிவெடுக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்தறிய வேண்டும்.

தேர்ந்தெடுத்தபின் எந்தப் பதிப்புகள் நிறுவப்பட்டன என்பதைப் பதிவுசெய்யும் லாக் கோப்பை உங்கள் நிரல் களஞ்சியத்தில் சேர்த்து, அறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளைத் தேடும் என்பிஎம் ஆடிட் சோதனையை வாரந்தோறும் நடத்துங்கள். லைப்ரரியைச் செயலியெங்கும் நேரடியாக அழைக்காமல், நீங்களே எழுதிய ஒரே கோப்பின் வழியாக அழைத்தால், பின்னாளில் அது கைவிடப்பட்டாலும் அந்த ஒரு கோப்பை மாற்றியே வேறொன்றுக்கு மாறிவிடலாம்.