300 மி.மீ.-இல் மங்கிய ஜூம் லென்ஸை நான் சரிசெய்த விதம்

மொரீஷியஸ், காத்ர் போர்ன் மலைக்கோயிலில் நான் எடுத்த காவடிப் படங்களில் முகங்கள் மங்கலாகவே விழுந்தன. கேமரா ஒரு நிறுவனம், 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் வேறு நிறுவனம். “விலைக்கேற்ற தெளிவுதான்” என்றார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முக்காலியில் பூட்டி, அதிர்வுத் தடுப்பை அணைத்து, 300-இல் சுவரொட்டி ஒன்றை நேருக்கு நேர் வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தேன். எழுத்துகள் பளிச்சென்று நின்றன! கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழி ஆட்டோஃபோகஸில் அதே எழுத்துகள் மங்கல். ஆக, லென்ஸின் கண்ணாடி நல்லது. ஃபோகஸ்தான் சற்றுப் பின்னால் விழுகிறது. கேமராவின் ஃபைன் டியூன் (ஆட்டோஃபோகஸைத் திருத்தும்) மெனுவில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தியதும் சரியாயிற்று.

படத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம். அதற்கு மெனுவில் மருந்தில்லை, பழுதுபார்க்கவோ மாற்றி வாங்கவோ வேண்டும். லென்ஸின் திறப்பை எஃப் 8-க்குச் சுருக்கினால் தெளிவு இன்னும் கூடும். தைப்பூச வெயிலில் அதற்கு வெளிச்சம் தாராளம்.