நீல லைட் அடிவரை போகிறதா? கறுப்பு ஸ்ட்ராவில் ஒரு சோதனை

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில், எஸ்பிஎம் தேர்வு முடித்த கையோடு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சீக்கிரமே, பில்லிங்கைக் கெட்டியாக்கும் நீல லைட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதை எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். வெள்ளைப் பில்லிங் எத்தனை காலம் நிற்கும் என்பதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு.

கம்போசிட் எனப்படும் அந்த வெள்ளைப் பில்லிங் பொருளுக்குள் பெரும்பாலும் கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள் கொஞ்சம் கலந்திருக்கும். 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் அது தூண்டப்பட்டு, பிசினைக் கெட்டியாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும். ஆனால் ஒளி ஆழத்தில் மங்கிவிடும். புகைக்கூடத்திலிருந்து அவசரமாக எடுத்த ரப்பர் ஷீட்டை வெட்டினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரியுமே, அதே கதைதான். பில்லிங்கை மேலே கீறிப் பார்த்தால் கல் போலிருக்கும். அடியில் மெத்தென்றிருந்தால் பில்லிங் உடையும், பல்லோடு ஒட்டாது, ஓரத்தில் மறுபடி சொத்தை வரும்.

இனிச் சோதனை. காலாவதியான கம்போசிட், ஒட்டுக்கடையில் கிடைக்கும் கறுப்பு ஸ்ட்ரா, ஒரு ரூலர் போதும். வெள்ளை ஸ்ட்ரா வேண்டாம், பக்கவாட்டிலும் ஒளி புகுந்து ஏமாற்றும்.

1. ஸ்ட்ராவை 8 மில்லிமீட்டருக்கு வெட்டி, கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்துங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் கம்போசிட்டை அடைத்து, மேலே தெளிவான மேட்ரிக்ஸ் ஸ்ட்ரிப்பை (மெல்லிய பிளாஸ்டிக் நாடா) வையுங்கள்.

2. லைட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள். பழைய கம்போசிட் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பல கிளினிக்குகளில் உண்மையான வில்லன்.

3. ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முனையை நேராக, ஸ்ட்ரிப்பைத் தொட்டபடி வைத்து 20 விநாடி காட்டுங்கள்.

4. ஸ்ட்ராவைக் கிழித்து, அடியிலுள்ள மெத்தான பகுதியை பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டித் தள்ளுங்கள். மிஞ்சிய கெட்டித் துண்டை அளந்து இரண்டால் வகுங்கள்.

வகுப்பது ஏன்? துண்டின் கடைசிப் பகுதி சுரண்ட வராவிட்டாலும் முழுதாக இறுகியிருக்காது. பில்லிங் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 4049 என்ற சர்வதேசத் தரமும் இதே முறையில் எஃகு அச்சில் அளக்கிறது. சாதாரண நிறங்களுக்கு விடை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. ஸ்ட்ராவில் வரும் எண்ணை அந்தத் தரத்துக்குச் சமமாக எடுக்க வேண்டாம், ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கம்போசிட், அதே நிறம். இப்போது முனையை 8 மில்லிமீட்டர் தூக்கிச் செய்யுங்கள். பிறகு சாய்த்து. பிறகு 10 விநாடி மட்டும். ஒவ்வொன்றிலும் கெட்டித் துண்டின் நீளம் எவ்வளவு குறைகிறது என்று பக்கத்தில் பக்கமாக அடுக்கிப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் வாய் சரியாகத் திறக்காமல் முனை சாயும்போது நடப்பது இதுதான். அதனால்தான் டாக்டர்கள் 2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். ஏ4 என்று குறிக்கப்படும் பல் நிறம் மாதிரி அடர்ந்த நிறத்துக்குக் கூடுதல் விநாடி தேவைப்படலாம். டப்பாவோடு வரும் தாளைப் படியுங்கள்.

ஸ்ட்ரிப் போடாமல் காட்டினால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். பயப்படாதீர்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை, லைட்டின் குறை அல்ல. அடுத்த அடுக்கு அதன்மேல் நன்றாகவே ஒட்டும்.