பழைய கமாரோவுக்கு எல்இடி டெயில் லைட்டா? பிளாஷரையும் சேர்த்து வாங்குங்கள்

1969 கமாரோ போன்ற பழைய மசில் காருக்கு (பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்க கார்) அலுமினியத்தில் கடைந்த எல்இடி டெயில் லைட் வாங்குகிறீர்களா? அதோடு விளக்கை விட்டு விட்டு மின்னவைக்கும் எலக்ட்ரானிக் பிளாஷர் ரெண்டையும் வாங்கிவிடுங்கள். ஒன்று இண்டிகேட்டருக்கு, இன்னொன்று ஹசார்டுக்கு. பல கடைகளில், பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்கவைக்கும் லோடு ரெசிஸ்டரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்; அது வேண்டாம்.

அந்தக் காலத்து பிளாஷருக்குள் ஒரு சின்ன உலோகப் பட்டைதான் இருக்கும். கரண்ட் பாயும்போது அது சூடாகி வளைவதால்தான் டிக் டிக்கென்று விளக்கு மின்னுகிறது. இந்த கார்களின் டெயில் லைட்டில் வரும் பழைய 1157 ரக பல்பு ஒன்றே சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எல்இடி இழுப்பது அதில் சிறு பங்குதான், பட்டை சரியாகச் சூடாகாது. டேஷ்போர்டு அம்பு மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், அல்லது சோம்பலாக மின்னும். ரெசிஸ்டர் போட்டாலும் மின்னும், சரி. ஆனால் அது மிச்சக் கரண்டை வெறும் சூடாக்கித் தள்ளுகிறது. பிளாஸ்டிக்கிலோ டிக்கி விரிப்பிலோ பட்டால் பொசுங்கிவிடும். எலக்ட்ரானிக் பிளாஷர் பல்பின் சுமையை எதிர்பார்ப்பதில்லை. சில மாடல்களில் கூடுதலாக ஒரு எர்த் வயர் தொங்கும், அதை பெயிண்ட் சுரண்டிய இரும்பில் முடுக்குங்கள்.

கடைந்த பெசல் (விளக்கைச் சுற்றியுள்ள சட்டம்) மட்டும் மாற்றி, உள்ளே பழைய பல்பையே வைத்துக்கொள்பவர்களுக்கு இது தேவையில்லை. வரிசையாக எரியும் இண்டிகேட்டர் கொண்ட 1967 மெர்குரி கூகருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் விளக்குகளை வரிசையாக எரியவைக்க டிக்கிக்குள் தனி மோட்டார் இருக்கிறது, அதற்கென்றே வரும் கிட்தான் வேண்டும்.