சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு டிரில் வாங்குங்கள்

கார்ட்லெஸ் டிரில் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை வோல்ட், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, முன்பு ஓட்டை போட்ட இடத்தில் ஒரு ஆணியை விட்டுச் சுரண்டிப் பார்ப்பது. முதல் அரை இஞ்சுக்குப் பூச்சின் சாம்பல் தூள்தான் வரும். அதைத் தாண்டி வருவதுதான் கணக்கு. சிவப்புத் தூள் என்றால் செங்கல். வெள்ளை மாவு போல உதிர்ந்தால் ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த கல்). சாம்பல் தூள் வந்து, ஆணியும் ஓரளவு இறங்கினால் ஃப்ளை ஆஷ் கல் அல்லது சிமென்ட் பிளாக். சாம்பல் தூள்தான், ஆனால் அடித்தால் ஆணி வளைகிறது என்றால் கான்கிரீட்.

கான்கிரீட்டில்தான் பணம் வீணாகும். புதிதாக எழும் அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினியம் ஃபார்ம்வொர்க் (வார்ப்பு அச்சு) வைத்துச் சுவர்களையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். ‘மைவான் சுவர்’ என்று சொல்வது இதைத்தான். அந்த வீட்டில், சுத்தியல் படம் போட்ட சாதாரண ஹாமர் டிரில் ஒரு ஓட்டைக்கே திணறும். அதன் உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதுதான் அடியின் பலம். ரோட்டரி ஹாமர் என்ற மெஷினில் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டின் (ஓட்டை போடும் கம்பியின்) பின்பக்கத்தை அடிக்கிறது. கை பலம் தேவையில்லை. பிடித்துக்கொண்டு நின்றால் போதும். ஒன்றில் நிமிடக்கணக்கில் போராடும் 6 மி.மீ. ஓட்டை மற்றதில் சில நொடிகளில் முடிகிறது.

ஆகவே செங்கல், ஃப்ளை ஆஷ், ஏ.ஏ.சி. வீடு என்றால் ஒரு ஹாமர் டிரிலும் ஒரு இம்பாக்ட் டிரைவரும் (ஸ்க்ரூவை அடித்து அடித்து முறுக்கும் மெஷின்) உள்ள செட் எடுங்கள். லிண்டலிலோ (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) ரூஃபிலோ எப்போதாவது ஓட்டை தேவைப்பட்டால் மின்விசிறி மாட்ட வருபவரிடமே சொல்லிவிடலாம். கான்கிரீட் சுவர் வீடு என்றால் சிறிய எஸ்.டி.எஸ். பிளஸ் (பிட்டைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் வகை) ரோட்டரி ஹாமர் ஒன்று கட்டாயம். ஒரு அடிக்கு ஒன்றரை முதல் இரண்டரை ஜூல் பலத்தில் அடிக்கும் மெஷின் வீட்டுக்குத் தாராளம். அதோடு ஹாமர் இல்லாத சாதாரண டிரில் டிரைவர் போதும்.

வோல்ட் கணக்கும் அதில் நடக்கும் ஏமாற்றும்

பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் செல்கள். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வரை ஏறும். ஐந்து செல்களை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அதே ஐந்தை முழு சார்ஜில் அளந்தால் 20, 21 காட்டும். 18 வோல்ட் மெஷினும் ‘20 வோல்ட் மேக்ஸ்’ மெஷினும் ஒன்றுதான். டிவால்ட் கம்பெனி ஒரே பேட்டரி வரிசையை ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் எழுதி விற்கிறது. மூன்று செல் என்றால் 10.8, அதைத்தான் 12 வோல்ட் என்கிறார்கள்.

இது தெரிந்தால் ‘48 விஎஃப்’, ‘88 விஎஃப்’, ‘128 விஎஃப்’ என்று ஆன்லைனில் குவிந்து கிடக்கும் மலிவு செட்டுகளின் கதை புரியும். வோல்டுக்கு விஎஃப் என்று ஒரு அளவு கிடையாது. அந்த பேட்டரியின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள்: முழு சார்ஜில் 20 அல்லது 21 காட்டினால் உள்ளே வரிசையில் இருப்பவை அதே ஐந்து செல்தான். திரை மாட்டுவதற்கு அந்த மெஷின் உதவலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே வடிவத்தில் இன்னொரு பேட்டரி கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பொதுவாக ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றின் மெஷினில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் வேண்டும்: பாஷின் நீல நிற புரொஃபஷனல் பேட்டரி அதன் பச்சை நிற வீட்டு உபயோக மெஷினில் பொருந்தாது, மகிட்டாவின் 40 வோல்ட் பேட்டரி அதன் 18 வோல்ட் மெஷினில் போகாது. முதலில் எடுக்கும் பேட்டரிதான் அடுத்த பத்து வருடத்துக்கு நீங்கள் எதையெல்லாம் வாங்குவீர்கள் என்பதை முடிவு செய்யும். அதனால் உங்கள் ஊரில் அல்லது பக்கத்து டவுனில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியாகப் பாருங்கள். அடுத்தடுத்த மெஷின்களை பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். வாரன்டி கேட்கும்போது மெஷினுக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பேட்டரியில் எழுதியிருக்கும் ஏ.எச். (ஆம்பியர் அவர்) என்பது டாங்க் அளவு மாதிரி. 18 வோல்டை ஏ.எச். எண்ணால் பெருக்கினால் வாட் அவர். 2 ஏ.எச். என்றால் 36, 5 ஏ.எச். என்றால் 90. டிரிலுக்கும் இம்பாக்ட் டிரைவருக்கும் 2 ஏ.எச். இரண்டு இருந்தால் நன்று: கையில் கனம் இல்லை, ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில் இருக்கும். 5 ஏ.எச். ஒன்றைவிட இது வசதி. டிஸ்க் சுழற்றி இரும்பு, டைல் வெட்டும் ஆங்கிள் கிரைண்டர் விஷயம் வேறு. வெட்டும்போது அது 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 ஏ.எச். பேட்டரி முழுசாக 11 நிமிடம்கூட நிற்காது, 2 ஏ.எச். போட்டால் பாதியிலேயே கட் ஆகும். கேட் போடும் வேலை, டைல்ஸ் வெட்டும் வேலைக்கெல்லாம் வயர் உள்ள கிரைண்டரே மேல்.

பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கார்பன் (உரசித் தேயும் பிரஷ்) கிடையாது. ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், சூடும் குறைவு. மாதம் ஒரு முறை எடுப்பவருக்குக் கார்பன் வைத்த மெஷினே போதும். தினமும் ஓட்டுபவர் பிரஷ்லெஸ் எடுக்காவிட்டால் மிச்சம் பிடித்த காசு கார்பன் மாற்றுவதில் போகும். 100 பிட் அடங்கிய பெட்டியோடு வரும் செட்டில் மயங்க வேண்டாம். அதில் பாதி தகரம். கான்கிரீட் பிட் 6, 8 மி.மீ.; இரும்புக்கு எச்.எஸ்.எஸ். பிட் 2.5, 3, 4, 5 மி.மீ.; ஸ்க்ரூவின் பிளஸ் தலைக்கு பி.எச். 2 முனை ஐந்தாறு. இவற்றை நல்லதாகத் தனியே வாங்கினால் ஒரு வருடம் ஓடும்.

ஷெல்ஃப் மாட்டுவதை வைத்து ஒரு முறை பார்ப்போம்

செங்கல் சுவர், 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகுவது), 10 நம்பர் ஸ்க்ரூ. (6 மி.மீ. பிளக்குக்கு 8 நம்பர் ஸ்க்ரூ. லேசான படம், கடிகாரத்துக்கு அது போதும்.)

முதலில் இடம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பைப்புக்குள் வயர் ஓடும். குழாய், கீஸர் பாயின்டுக்கு நேராகத் தண்ணீர் பைப் ஓடும். அந்த வரிசையை விட்டு நகருங்கள். பேட்டரி மெஷின் ஆயிற்றே, ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. பிட் சுவருக்குள் 230 வோல்ட் வயரைத் தொட்டால் பிட்டைக் கவ்வும் இரும்பு சக் வழியாகக் கைக்கு வரும். சந்தேகம் இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். வயர் இல்லாத மெஷினின் பெரிய லாபமே அதுதான்.

பிளக் பிடிக்க வேண்டியது செங்கலை, பூச்சை அல்ல. உள்பக்கப் பூச்சு சுமார் 12 மி.மீ. இருக்கும். 50 மி.மீ. பிளக் போட்டால் 38 மி.மீ. செங்கலுக்குள் உட்காரும். அதற்கு 60 மி.மீ. ஆழ ஓட்டை வேண்டும். தூள் தங்க அந்தப் பத்து. பிட்டின் நுனியிலிருந்து 60 மி.மீ. அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

ஆரம்பத்தில் ஹாமர் வேண்டாம். டிரில் குறியில் வைத்து, டிரிகரை மெல்ல அழுத்தி, பூச்சில் ஒரு குழி விழுந்த பிறகு சுத்தியல் குறிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் பூச்சு பெயரும். இரண்டாம் கியர், முழு வேகம், நிதானமான அழுத்தம். இரண்டு முறை பிட்டை ஓடவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை எடுங்கள். சிவப்புத் தூள் நின்று சாம்பல் தூள் வந்து பிட் சட்டென்று இறங்கினால், இரண்டு செங்கலுக்கு நடுவே கலவையில் போகிறீர்கள். பிளக் அங்கே சுற்றும். ஒரு இஞ்சு மேலோ கீழோ மாற்றிப் போடுங்கள். லிண்டலில் பிட் கிறீச்சிட்டு நகராமல் நின்றால் கம்பி. அழுத்தினால் பிட்டின் கார்பைடு முனைதான் போகும்.

ஏ.ஏ.சி. சுவரில் ஹாமரே கூடாது. ஓட்டை பெருத்துப் பிளக் கழன்றுவிடும். அதற்கென்று வரும் பிளக்கை வாங்குங்கள். டைல்ஸ் மேல் என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டி முனை டைல் பிட்டில் ஹாமர் இல்லாமல், தண்ணீர் தொட்டுத் தொட்டு டைலைத் தாண்டுங்கள். பிறகு பிட்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டையை ஊதிச் சுத்தம் செய்து, பிளக்கைச் சுவர் மட்டத்துக்குத் தட்டி இறக்கி, ஸ்க்ரூவை முதல் கியரில் கிளட்ச் வைத்து ஏற்றுங்கள்.

அந்தக் கிளட்ச் வளையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டிரிலின் கழுத்தில் 1 முதல் 20 சொச்சம் வரை எண் இருக்கும். எண் கூடினால் முறுக்கு கூடும்; அளவு வந்ததும் கடகடவென்று சத்தம் போட்டு விட்டுவிடும். 4 அல்லது 5இல் ஆரம்பித்து, ஸ்க்ரூ தலை பலகை மட்டத்துக்கு உட்காரும் வரை ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். சரியான எண் கிடைத்ததும் மிச்ச ஸ்க்ரூ எல்லாம் ஒரே மட்டத்தில் உட்காரும். இதைத் தொடாமல் எப்போதும் டிரில் குறியிலேயே வைத்து ஸ்க்ரூ ஏற்றுவதால்தான் பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது.

இம்பாக்ட் டிரைவரில் பொதுவாக இந்த வளையம் கிடையாது. டிரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும்போது இது 150க்கு மேல் தரும், கையைத் திருப்பாமல். மூன்று இஞ்சு ஸ்க்ரூ, போல்ட், தேக்கு நிலை இதற்குச் சரியான வேலை. கதவுக் கீலின் பித்தளை ஸ்க்ரூ பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். தலை அறுந்து உடல் மரத்துக்குள் தங்கிவிடும். பித்தளைக்கு முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளையைக் கையாலேயே முறுக்குங்கள்.

மரத்தில் ஸ்க்ரூவுக்கு முன் ஓட்டை போடச் சோம்பல்பட வேண்டாம். 8 நம்பருக்கு பிளைவுட்டில் 2.5, தேக்கு, வேங்கையில் 3 மி.மீ. அலமாரிக் கதவில் பதிக்கும் ஆட்டோ ஹிஞ்சு கீலுக்கு 35 மி.மீ. பிட், 19 மி.மீ. கதவில் ஆழம் 12தான், மையம் விளிம்பிலிருந்து 22 மி.மீ. அளவில். பிட்டின் நடுக்கூர் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதை மறந்தால் மறுபக்க மைக்காவில் புள்ளி எழும்பும்.

இரும்பில் சென்டர் பஞ்ச் அடித்து, முதல் கியரில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போடுங்கள். பிட் முனை நீலமாகிவிட்டால் வேகம் அதிகம். அந்தப் பிட் மழுங்கியிருக்கலாம். சின்னத் துண்டைக் கையில் பிடித்து ஓட்டை போடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் கவ்வித் துண்டைச் சுழற்றும், கையோடு.

கியரை மெஷின் ஓடும்போது மாற்றாதீர்கள், பல் உடையும். பிட் மாற்றும்போது முன்–பின் சுவிட்சை நடுவில் வையுங்கள், அது லாக். கிரைண்டரில் மர பிளேடு மாட்டும் பழக்கம் பல சைட்டுகளில் உண்டு. விரல் போனவர்களும் உண்டு. டிஸ்கை மறைக்கும் கார்டைக் கழற்றாதீர்கள். டிஸ்கில் எழுதிய ஆர்.பி.எம். மெஷினுடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

பேட்டரியைக் கெடுப்பது வெயில்

கத்திரி வெயிலில் பைக் பெட்டியிலோ தகரக் கூரைக்குக் கீழோ பேட்டரியை விடாதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போட்டால் நல்ல சார்ஜர் விளக்கை மட்டும் சிமிட்டிக் காத்திருக்கும். பழுது இல்லை, ஆறட்டும். முழுக்க இறக்கித்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்குக் கெடுதல். மெஷின் வேகம் குறைந்ததும் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்றால் பேட்டரியின் நான்கு விளக்குப் புள்ளியில் இரண்டு எரியும் அளவில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். ஸ்க்ரூ, ஆணியோடு ஒரே பையில் போட்டால் முனைகள் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காதீர்கள். உப்பியது, தண்ணீரில் விழுந்தது, உடைந்தது எதையும் சார்ஜில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது செட் கொண்டு வருகிறார்கள் என்றால் சார்ஜர் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கச் சார்ஜரில் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் இங்கே செருகியதும் புகைதான். பேட்டரிக்கு ஏற்ற 230 வோல்ட் சார்ஜரை இங்கே தனியாக வாங்க வேண்டும். துபாய், சிங்கப்பூர் சார்ஜருக்கு பிளக் அடாப்டர் போதும். விமானத்தில் மெஷின் செக்-இன் பெட்டியில் போகலாம். கழற்றிய பேட்டரி கைப்பையில்தான், முனைகளை டேப் ஒட்டி மூடி. 100 வாட் அவர் வரை தனி அனுமதி வேண்டாம், ஆகவே 90 வாட் அவர் உள்ள 5 ஏ.எச். தாராளமாகப் போகும். 6 ஏ.எச். என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.